வேண்டுதல் உள்ளவர் வெளியே இருக்கவும்

எனக்கு வாய் நீளம். இதை வீட்டில் சொன்னால் குறை. கிளினிக் டாக்டரம்மா சொன்னபோது அதுவே ஒரு தகுதியாகிவிட்டது.

இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை வாங்கப் போகிறவன் வாங்கிக்கொண்டு பேசாமல் வர வேண்டியதுதானே? நான் வரமாட்டேன். இந்த மாத்திரை எதற்கு, போன தடவை வேறு நிறத்தில் இருந்ததே ஏன், பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒன்று கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் இரண்டா என்று குடைவேன். ஒருநாள் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றார்.

மருத்துவமனையில் ஒரு குழு கூடப்போகிறதாம். நோன்பு, விரதம் என்று சாப்பிடாமல் இருக்கும் இனிப்புநீர்க்காரர்களுக்கு டாக்டர்கள் என்ன ஆலோசனை சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கப் போகிறார்களாம். டாக்டரம்மாதான் தலைவி. குழுவில் நோயாளிகள் சார்பாக ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதியாம். பினாங்கில் இத்தனை நோயாளிகள் இருக்க என்னைக் கூப்பிட்டார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் லிஃப்டுக்குக் காத்திருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். மெஷினை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டாள். அங்கேயும் போய்ச் சண்டை போடப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதற்கு முந்தைய வருடம் அவளுக்குக் கருப்பையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். எடுத்த கட்டி நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொல்லும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஆப்பரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று கைகால் ஓடவில்லை. மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு, பேச ஓர் ஆள் இல்லை. அதனால் முருகனிடம் பேசினேன். இவளை முழுசாகத் திருப்பிக் கொடு, தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை ஏறுகிறேன் என்றேன். நல்ல கட்டிதான் என்று முடிவு வந்தது. அவளும் தேறி எழுந்து, பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அடுத்து வந்த தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கினேன். பகலில் ஒருவேளை மட்டும் சாப்பாடு. மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவன் இதற்கு மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் காலை ஜெலுத்தோங் மார்க்கெட்டில் கை நடுங்கியது, வியர்வை ஊற்றியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீரைக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீரைக்காரம்மா விவரம் தெரிந்தவர். தன்னுடைய இனிப்பான சிராப் தண்ணீரை என் வாயில் ஊற்றிவிட்டுத்தான் கீரையைப் பற்றித் திட்டினார். செய்தி கேட்டு என் மனைவி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடி வந்தாள். அன்று காலையிலேயே எனக்குச் சோறு போட்டாள். விரதம் அதோடு முடிந்தது. வேண்டுதல் அப்படியே நின்றது. அந்தத் தைப்பூசத்தன்று நான் சாலை ஓரத்தில் நின்று அடுத்தவர்களின் பால்குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த அழுகையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறு தைப்பூசம் நெருங்கியபோது வீட்டில் வழக்கு தொடங்கியது. இந்த முறை எடுத்தே தீருவேன் என்று நான். கீரைக்குப் பதிலாக இன்னும் எது மேல் விழப்போகிறீர்கள் என்று அவள். அந்த நேரத்தில்தான் குழு வந்தது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க என்ன எழுதுறாங்களோ அதுபடி நடப்போம். நீங்க சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் நான் எதற்கும் ஒப்புக்கொள்பவனல்ல என்று அவளுக்குத் தெரியும். சந்தேகமாகப் பார்த்தாள். எழுதுகிற குழுவிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை. நான் யோசித்திருந்தேன். பாலுக்குப் பூனை காவல்.

முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். தொடங்கும் முன் டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார். இந்த விஷயத்தில் உங்களுக்குச் சொந்த ஆதாயம் ஏதாவது உண்டா, மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கியதுண்டா, பங்கு வைத்திருக்கிறீர்களா? ஒரு மலாய் டாக்டர் கையைத் தூக்கி, ஒரு மாத்திரைக் கம்பெனிக்காகக் கூட்டம் ஒன்றில் பேசிச் சன்மானம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். என் முறை வந்தது. எனக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும், நானல்லவா அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு சீனப் பெண் எழுந்தார். ஒல்லியாக, மெல்லிய குரலில் பேசுபவர். உலகத்தில் வந்த ஆய்வுகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்துச் சொல்வது அவர் வேலை. உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஏனென்றால் நான் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் தரம் குறைந்தது என்றால் சிவப்புக் கூடை. பேச்சே கிடையாது. அதனால் அவர் ஓர் ஆய்வைக் காட்டிக் குறைவு என்று சொன்னதும், அப்படியானால் தூக்கிப் போடுங்கள், அதை ஏன் மேசைக்குக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அடுத்ததும் குறைவு என்றார். அதையும் போடச் சொன்னேன். அதற்கடுத்தது மிகக் குறைவு. இப்படியே போனால் மேசை காலியாகிவிடும் என்று மலாய் டாக்டர் முணுமுணுத்தார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. குறைவு என்றால் போலிச் சரக்கு என்று பொருளில்லை என்று மலாயில் விளக்கினார். இதைவிட நல்ல ஆய்வு நாளைக்கு வந்தால் நம் எண்ணம் மாறக்கூடும், அவ்வளவுதான். ஆனால் நோயாளி இன்றைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார், அவரை நாளைக்கு வா என்று அனுப்ப முடியாது, இருப்பதை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும் என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் ஏறியது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அங்கிள், நமக்கு எவ்வளவு நிச்சயமா தெரியும்ங்கிறது ஒன்னு. எவ்வளவு அழுத்திச் சொல்லணும்ங்கிறது இன்னொன்னு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

கொதிக்கிற எண்ணெயில் கையை விடாதே என்று சொல்ல யாரும் ஆய்வு செய்யவில்லை, ஆனாலும் அழுத்தித்தான் சொல்வோம் என்றார். அது பலமான பரிந்துரை. கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதுதான் சரி. டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பலவீனமான பரிந்துரை என்று இன்னொன்று உண்டு. பலருக்கு அது ஒத்துவரும், சிலருக்கு வராது. அங்கே டாக்டர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உனக்கு எது முக்கியம் என்று எதிரில் இருப்பவரிடம் கேட்டு, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். டாக்டர் நழுவுவதற்கு நல்ல வழி என்றேன் நான். நழுவுவதா, அதில்தான் எங்களுக்கு வேலை அதிகம் என்றார் அவர்.

அன்று முதல் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காண்பதற்கெல்லாம் தரம் போட்டேன். நிபோங் திபாலில் இருக்கும் என் மச்சான் வாரம் தவறாமல் போன் செய்து, பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்பார். அவருடைய பரிந்துரை எப்போதும் மிகப் பலமானது. சான்று எப்போதும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். அதை அவரிடமே சொன்னேன். அந்த வாரம் போன் வரவில்லை. என் மனைவி மழை வரும் போல, துணியை எடுங்கள் என்றாள். பரிந்துரை பலமானது, சான்று நடுத்தரம் என்றேன். துணி நனைந்தது. அன்று இரவு சாம்பாரைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். 

இரண்டாவது கூட்டத்தில்தான் எங்கள் விரதம் விவாதத்துக்கு வந்தது. முஸ்லிம்களின் ஒரு மாத நோன்பைப் பற்றி ஆய்வுகள் இருந்தன. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து மலை ஏறுகிறவர்களைப் பற்றி அந்தச் சீனப் பெண் தேடித்தேடியும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற நோன்பிலிருந்து ஊகித்துத்தான் சொல்ல வேண்டும், எனவே மிகக் குறைவு என்றார். கேள்வி இதுதான்: இன்சுலின் போடாமல் என்னைப் போல மாத்திரையில் இருப்பவர், ஒருவேளை உண்டு விரதம் இருக்கலாமா?

அன்று நான் பேசின பேச்சு இருக்கிறதே, அப்படி ஒரு பேச்சை நான் தொழிற்சங்கத்தில்கூடப் பேசியதில்லை. நம் ஆட்கள் நீங்கள் வேண்டாம் என்றாலும் இருக்கத்தான் போகிறார்கள் என்றேன். வேண்டாம் என்று எழுதினால் உங்களிடம் சொல்லாமல் இருப்பார்கள், சொல்லாமல் இருந்தால் மாத்திரையை மாற்றித்தர ஆளில்லாமல் விழுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் மார்க்கெட்டில் கீரை மேல் விழுந்தார் என்றேன். எனக்குத் தெரிந்த ஒருவர். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போலத்தான். விரதம் இருக்கலாம் என்று எழுதுங்கள், பலமாகவே எழுதுங்கள், எப்படி இருப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று முடித்தேன். டாக்டரம்மா தலையசைத்துக் கேட்டார். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். ஓட்டுப் போட்டால் என் பக்கம் வந்துவிடும் போல இருந்தது. மனத்துக்குள் பால்குடத்துக்கு மஞ்சள் துணி கட்டத் தொடங்கிவிட்டேன்.

ஓட்டெடுப்புக்கு முன் மலாய் டாக்டர் எழுந்தார். இந்தக் கேள்வியில் அவர் பேசிச் சன்மானம் வாங்கிய கம்பெனியின் மாத்திரையும் வருகிறதாம். அதனால் ஓட்டுப் போட மாட்டேன், வெளியே இருக்கிறேன் என்றார். நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார். நான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தேன். ஒரு மாலைப் பொழுது பேசி வாங்கிய சன்மானத்துக்காக மனிதர் எழுந்து போகிறார். நான் என் பெண்டாட்டி உயிருக்காகச் சொன்ன சொல்லை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பலமாக எழுதச் சொன்னது யாருக்காக? என்னைப் போன்ற நோயாளிகளுக்காகவா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை. அது தெரியாதபோது கையைத் தூக்கக் கூச்சமாக இருந்தது.

எழுந்தேன். நானும் போக வேண்டும் போல இருக்கிறது என்றேன். கழிவறை இடது பக்கம் அங்கிள் என்றார் டாக்டரம்மா.

"அது இல்லம்மா. எனக்கு முருகன்கிட்ட ஒரு பாக்கி இருக்கு."

அறையில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாரும் திரும்பினார்கள். கட்டி, நாற்காலி, வேண்டுதல், கீரை எல்லாவற்றையும் சொன்னேன். கீரை மேல் விழுந்தவர் நான்தான் என்பதையும், நீங்கள் எழுதுகிறபடிதான் என் வீட்டில் தீர்ப்பு என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். கீரை வந்தபோது சிரிப்பு வந்தது. நாற்காலி வந்தபோது வரவில்லை. சொன்னது நல்லது என்றார் அவர். நீங்கள் பேசியது அப்படியே பதிவில் இருக்கும், பேச உங்களுக்கு உரிமை உண்டு, ஓட்டு மட்டும் இந்த ஒரு கேள்விக்கு வேண்டாம் என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானாகச் சொன்னதற்கு எனக்கே தண்டனையா? கம்பெனியும் கடவுளும் ஒன்றா, முருகன் எனக்கு என்ன கமிஷனா கொடுத்தார் என்று கேட்டேன்.

"கொடுத்துட்டாரே அங்கிள். ஆன்ட்டி நல்லா இருக்காங்கல்ல."

 நாற்காலியை நானும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வெளியே போனேன்.

நடைவழியில் தேநீர் மேசை. மலாய் டாக்டர் உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் எப்படி வெளியே என்று கேட்டார். கடவுளோடு ஓர் ஒப்பந்தம் என்றேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, என்னுடையதைவிட உங்களுடையது பெரிய தொகை என்றார். எனக்கும் ஒரு கறிபாப்பை எடுத்துக் கொடுத்தார். நான் அதைக் கடித்த பிறகு, இன்று காலையில் ரத்தத்தில் சீனி எவ்வளவு இருந்தது என்று விசாரித்தார். டாக்டர்கள் வெளியே வந்தாலும் டாக்டர் புத்தி போகாது. நான் பாதியை வைத்துவிட்டு, பாலும் சீனியும் போடாத தே ஓ ஒன்றை ஊற்றிக்கொண்டேன். இருவரும் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் போலச் சுவரோரம் நின்றோம். உள்ளே குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. ஆப்பரேஷன் அறைக்கு வெளியே இருந்த அன்று போலவே கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முடிவைச் சொன்னார். இன்சுலின் போடுபவர்கள் இப்படிப்பட்ட விரதம் இருக்க வேண்டாம்: பலமான பரிந்துரை, சான்று குறைவு. என்னைப் போன்ற மாத்திரைக்காரர்களும் இருக்காமல் இருப்பதே மேல்: பலவீனமான பரிந்துரை, சான்று மிகக் குறைவு. இருந்தே ஆக வேண்டும் என்பவர் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றிக்கொண்டு, அடிக்கடி சீனி பார்த்து, இறங்கினால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். எது முக்கியம் என்று அவரிடமும் வீட்டாரிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மதில்மேல் பூனை. ஆமாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. நான் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஜெலுத்தோங் போய்ச் சேரும்வரை எனக்குள் ஒரு சபலம். இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள் என்று சொன்னால் அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் அவ்வளவு பேருக்கு முன் எழுந்து நின்றுவிட்டு, வீட்டில் வந்து கதை விட மனம் வரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெஷின் நின்றது. என்ன எழுதினார்கள் என்று கேட்டாள். எழுதியதை எழுதியபடி சொன்னேன். நான் வெளியே நின்றதையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"இதுக்கா அத்தனை டாக்டரு? வேணாம்னா வேணாம்னு எழுத வேண்டியதுதானே? எங்ககிட்ட கேட்டு முடிவு பண்றதுக்கு அவங்க எதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தால் எனக்குப் பழக்கம். இது கோபமில்லை. கண் நிறைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூட்டத்தில் கற்றுக்கொண்டதை முதல்முதலாக உருப்படியாகச் செய்தேன். உனக்கு எது முக்கியம் என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கேட்டதாக நினைவில்லை. அவளுக்கும் இல்லை போலிருக்கிறது. கீழே போட்ட துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வேணாம்னு சொல்லி, அந்தக் கட்டி எனக்குத் திரும்ப வந்துச்சுன்னா? சரின்னு சொல்லி, நீங்க மலையில விழுந்துட்டீங்கன்னா? நான் எதைங்க சொல்றது?"

 நான் விழுவதைப் பற்றி மட்டும்தான் அவள் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டாவது பயத்தையும் சுமந்துகொண்டு இத்தனை மாதம் ரவிக்கை தைத்திருக்கிறாள். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள். யாராவது பெரிய இடத்திலிருந்து கண்டிப்பாக வேண்டாம் என்று எழுதிவிட்டால், முருகனிடம் தன் மேல் பழி இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று குழுவை நம்பியிருக்கிறாள். நானும் அதையேதான் செய்தேன், வேறு பக்கத்திலிருந்து. கட்டி விரதத்தால் வருவதும் இல்லை, போவதும் இல்லை என்று அறிவுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பயத்துக்கு அது தெரிய வேண்டுமே.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எது முக்கியம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நான் கொடுத்த வாக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. நீ இருக்க வேண்டும், அது நடந்துவிட்டது, அதற்கு மலை ஏறிப்போய் நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகுதான் அதில் பட்டினி இல்லை என்று எனக்கே பட்டது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு துணிக்கு அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

"குடத்த நீங்க தூக்குங்க. விரதம் நான் இருக்கேன். எனக்குத்தான் சீனி இல்லையே."

வேண்டிக்கொண்டவன் நான், நீ எப்படி இருப்பாய் என்று சண்டைக்குப் போனேன். யார் உயிருக்காக வேண்டினீர்கள் என்று கேட்டாள். என் உயிர் என்றால் எனக்கும் பங்கு உண்டு என்றாள். புருஷன் பெண்டாட்டி பிரித்துச் செய்யக்கூடாது என்று சாமி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கோயிலில் ஐயரிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். மரக்கறி உணவை மட்டும் வேளை தவறாமல் சாப்பிட்டு, மலை ஏறும் நாளைக்கு மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு போகலாம் என்றார். ஆன்ட்டியைக் குழுவில் போட்டிருக்க வேண்டும், ஆள் மாறிவிட்டது என்றும் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று விடியற்காலையில் எனக்கு மட்டும் இட்லி. பசித்த வயிற்றோடு அவள் பரிமாற, நான் குற்றவாளி மாதிரி சாப்பிட்டேன். இன்னும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று என் தட்டில் தள்ளினாள். மஞ்சள் சேலையில் அவள், தலையில் பால்குடத்தோடு நான். தோள்பையில் சீனி பார்க்கும் மெஷின், இனிப்புத் தண்ணீர், ரொட்டி என்று ஒரு கிளினிக்கையே தூக்கி வந்தாள். சாலையெல்லாம் உடைந்த தேங்காய். காலில் குத்தாமல் பார்த்துப் பார்த்து வைத்தோம். தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் என்னைப் பிடித்து நிறுத்தி விரலைக் குத்தினாள். ஒரு பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள், சாமி வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள். இல்லை, சீனிதான் என்று அவர்களிடம் சொன்னாள். படியில் நான் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். அவள் எங்கும் நிற்கவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடம்பு அது. முன்னால் ஏறிப்போகிற அவள் குதிகால்களைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எனக்கு அதைவிட வேறு தரிசனம் தேவைப்படவில்லை.

மேலே பாலை ஊற்றும்போது சொல்ல நினைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. அழுதேன். பக்கத்தில் நின்றவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் காப்பாற்றியது டாக்டர் கத்தியா, முருகன் வேலா என்று அந்தச் சீனப் பெண் கேட்டால், ஒரே ஓர் ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சான்று மிகக் குறைவு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நன்றி சொல்வதற்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

இறங்கி வந்து ஒரு பந்தலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்தோம். இலையில் சோறும் பருப்பும் வைத்தார்கள். அவள் உடனே கையை வைக்கவில்லை. முதலில் என் விரலைக் குத்திப் பார்த்தாள். எண் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தன் விரதத்தை முடித்து முதல் கவளத்தை எடுத்தாள். அவள் பசியோடு சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் முடிந்தது, இனிமேல் நமக்கு ஒரு வேண்டுதலும் இல்லை என்றேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. மேல வேண்டிக்கிட்டேன்."

என்ன என்று கேட்டேன். உங்கள் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு இறங்கினால் அடுத்த வருடம் குடத்தையும் நானே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். எனக்காக ஒருத்தி சாமியிடம் பேசியிருக்கிறாள். பூரிப்பை மறைக்க வாதாடினேன். அதெல்லாம் நம் கையில் இருக்கிறதா, இறங்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"இறங்கும்," என்றாள். "நான் சொன்ன சொல்லு. நீங்கதான் இறக்கணும்."

அப்போதுதான் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்துக் காட்டினேன்.